கற்றவனும் பெற்றவனும்: ஆங்கில மாயக் கதைகளில் ‘விசார்ட்’

ஆங்கில மாயக் கதைகளைத் தமிழில் சொல்ல முற்படுகிறவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை வந்துவிடும். ‘விசார்ட்’ என்ற சொல்லுக்கு என்ன போடுவது? ‘மந்திரவாதி’ என்று போட்டால் வேப்பிலையும் உடுக்கையுமாகப் பேயோட்ட வருகிறவர் கண்முன் நிற்கிறார். ‘சூனியக்காரன்’ என்றால் பகையாளி வீட்டு வாசலில் எதையோ புதைத்துவிட்டுப் போகிறவன். ‘மாயாவி’ என்றால் அரக்கன் ஞாபகம் வருகிறது. ‘வித்தைக்காரன்’ என்றால் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று தெருவில் கூட்டம் சேர்க்கிறவன். ‘சித்தர்’ என்று போட்டால் மரியாதை கூடிப்போகிறது. அவர் போகிற பாதையே வேறு. இத்தனை சொல் கையில் இருந்தும் ஒன்றும் சரியாக உட்காரவில்லை.

ஆங்கிலத்திலும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. விசார்ட், விட்ச், ஸார்ஸரர், வார்லாக், மேஜ் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சாதாரண அகராதியைப் புரட்டினால் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொல் மாதிரிதான் தெரியும். ஆனால் வேர் வேறு வேறு. ‘ஸார்ஸரர்’ என்பது குலுக்கிப் போடும் சீட்டைக் குறிக்கிற இலத்தீன் சொல்லில் பிறந்தது. ‘மேஜிக்’ என்பது பழைய பாரசீகத்துப் பூசாரிகளின் பெயரிலிருந்து வந்தது. ‘விசார்ட்’ மட்டும் ‘வைஸ்’, அதாவது அறிவுள்ளவன் என்ற சொல்லின் வழியாக வந்தது. வேரை வைத்துப் பார்த்தால் விசார்ட் என்பவன் அறிவன்.

வேர்ச்சொல்லை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். கதாசிரியர்கள் அந்தச் சொல்லை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பேரப்பிள்ளைகள் படித்துவிட்டுப் போடுகிற புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்து, இப்போது அவர்களைவிட நான்தான் அதிகம் படிக்கிறேன். அந்தப் படிப்பில் எனக்குத் தென்பட்டதை இம்மலரில் அன்பர்கள் முன் வைக்கிறேன். ‘எல்லாம் மாயமந்திரம்தானே, இதில் என்ன பெரிய பாகுபாடு’ என்று கேட்பவர் உண்டு. பாகுபாடு இருக்கிறது, அதன் அடியில், அறிவு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய வழக்கும் இருக்கிறது.

முதல் யாருடையது?

ஒரு வியாபாரியிடம் புதுக் கடையைக் காட்டினால் அவன் கேட்கிற முதல் கேள்வி, ‘முதல் யாருடையது?’ என்பதுதான். அப்பா வைத்துவிட்டுப் போனதா, வட்டிக்கு வாங்கியதா, பெரிய மனிதர் யாராவது பிரியப்பட்டுக் கொடுத்ததா, சிறுகச் சிறுகச் சேர்த்ததா? இதே கேள்வியை மாயக் கதைகளிலும் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டது ஒரு விளையாட்டு என்பது வேடிக்கை. அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லியே ஆடுகிற ஆட்டம். அதன் முதல் வெளியீட்டில் ‘மேஜிக்-யூசர்’, அதாவது மாயத்தைப் பயன்படுத்துகிறவன் என்று ஒரே பொதுப்பெயர். தெய்வ அருளால் காரியம் செய்கிற ‘கிளெரிக்’ மட்டும் தனி. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் விசார்டையும் ஸார்ஸரரையும் பிரித்துவிட்டார்கள். ஸார்ஸரருக்குச் சக்தி உடம்போடு பிறந்தது. விசார்ட் படித்தாக வேண்டும். படித்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, தினமும் அன்றைக்கு வேண்டியதைத் திரும்பப் படித்துத் தயாராக வேண்டும். பின்னால் சேர்ந்துகொண்ட ‘வார்லாக்’ ஏதோ ஓர் இருண்ட சக்தியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவன். விசார்டின் தினப்படிப்புக்கு மூலம் ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய ‘தி டையிங் எர்த்’. அந்த உலகத்து மாயக்காரன் மனத்தில் சில மந்திரங்கள்தான் கொள்ளும். ஒன்றைச் சொல்லி முடித்ததும் அது மறந்துபோகும். மறுபடி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பையன் நிலைமைதான்.

ஆக நான்கு வகை. பிறவி முதல், கடன் முதல், அருள் முதல், உழைப்பு முதல். நம் காப்பியங்களிலும் இவற்றைக் காணலாம். மணிமேகலைக்கு வேற்றுரு எடுக்கவும், வானில் செல்லவும், பசியை அடக்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வம் கொடுக்கிறது. சீவகனுக்குத் தேவன் சுதஞ்சணன் மூன்று மந்திரம் உபதேசிக்கிறான். அது நன்றிக் கடன். முற்பிறப்பில் நாயாகச் சாகக் கிடந்தபோது காதில் பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதியவன் சீவகன். இரண்டு பேருடையதும் அருள் முதல். மணிமேகலையோ சீவகனோ அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையுமில்லை. அவர்களை நாம் விசார்ட் என்று சொல்ல மாட்டோம்.

உழைத்துச் சேர்த்தவனுக்கு மட்டும் உள்ள அடையாளம் என்ன? சக்தியின் அளவு இல்லை. பிறவியில் பெற்றவன் அவனைவிடப் பலசாலியாகவும் இருக்கலாம். கற்றவனுக்குத் தன் காரியத்தில் எங்கே பிழை என்று தெரியும். அதைத் திருத்தவும் தெரியும். இதை விளக்க, நாம் வாழ்கிற இந்தக் குஜராத்திலேயே நடந்ததாக எங்கள் திகம்பர மரபு சொல்லும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

ஓர் எழுத்து கூட, ஓர் எழுத்து குறைய

கிரிநார் மலையில் சந்திரக் குகையில் இருந்த தரசேன ஆசாரியர், தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடக் கூடாதென்று தென்னாட்டிலிருந்து இரண்டு முனிவர்களை வரவழைத்தார். அவர்களைச் சோதிக்க ஆளுக்கொரு மந்திரம் கொடுத்து, இரண்டு நாள் நோன்பிருந்து சாதிக்கச் சொன்னார். ஒன்றில் ஓர் எழுத்து அதிகம், மற்றதில் ஓர் எழுத்துக் குறைவு. இதை அவர் சொல்லவில்லை. மந்திரம் பலித்தது, இரண்டு தேவதைகள் தோன்றின. ஆனால் ஒன்றுக்குப் பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மற்றதற்கு ஒரு கண் இல்லை. ‘தேவதைக்கு இப்படி உருவம் இருக்காதே’ என்று யோசித்த முனிவர்கள், மந்திர இலக்கணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அதிக எழுத்தை எடுத்தார்கள், குறைந்த எழுத்தைச் சேர்த்தார்கள். மறுபடி ஓதியபோது தேவதைகள் குறையில்லாத உருவத்தோடு வந்தன. நடந்ததை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்கள். அதன் பிறகே அவர் பாடத்தை ஆரம்பித்தார். புஷ்பதந்தர், பூதபலி என்று பெயர் பெற்ற அவ்விருவரும் பின்னால் ஷட்கண்டாகமத்தை இயற்றினார்கள். பூதபலி இங்கிருந்து திரமிள நாட்டுக்கு, அதாவது நம் தமிழகப் பக்கம் போனதாக வீரசேனர் 9-ஆம் நூற்றாண்டில் எழுதிய தவளா உரை சொல்கிறது.

எங்களுக்கு இது சமய வரலாறு. கற்பனைக் கதைகளோடு இதைச் சமமாக வைக்கவில்லை. எடைக்கல்லாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆசாரியர் எதைச் சோதித்தார் பாருங்கள். தேவதையை வரவழைக்க முடிகிறதா என்று இல்லை. அரைகுறை மந்திரத்துக்கே தேவதை வந்துவிட்டது. வந்தது கோணல் என்று கண்டுபிடிக்கிற அறிவு இருக்கிறதா என்பது ஒன்று. வந்த தேவதையிடம் உடனே வேலை வாங்கப் பார்க்காமல் திரும்பி வருகிற அடக்கம் இருக்கிறதா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஆங்கில ஆசிரியர்களிடம் போவோம்.

டோல்கீன்: செய்யக் கூடாது என்ற கட்டளை

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ 1937-இலும், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954–55-இலும் வெளிவந்தன. நீண்ட தாடி, கூர்த் தொப்பி, கையில் கோல் என்று விசார்டுக்கு இன்று எல்லோரும் வரைகிற உருவம் இவருடைய காண்டால்ஃபிடமிருந்து பெரும்பாலும் வந்ததுதான். ஆனால் நம் முதல் கேள்வியைப் போட்டால் காண்டால்ஃப் சிக்கலான ஆள். அவன் மனிதனே இல்லை. மேலுலகத்திலிருந்து கிழவன் உருவில் அனுப்பப்பட்ட ஐவரில் ஒருவன். அவன் சக்தி ஒரு வகையில் பிறவி முதல்தான். அப்படியானால் டோல்கீன் ஏன் அவனுக்கு அந்தப் பெயர் வைத்தார்? அந்த உலகத்து எல்ஃப் மொழியில் அவர்களுக்குள்ள பெயரும் ‘அறிந்தவன்’ என்ற பொருளைத்தான் தருகிறது.

விடை அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையில் இருக்கிறது. சௌரான் என்ற கொடியவனை எதிர்க்கத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் சக்திக்குச் சக்தி காட்டி மோதக் கூடாது, பலத்தாலும் பயத்தாலும் யாரையும் அடக்கி ஆளக் கூடாது என்று தடை போட்டு அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய புத்தகத்தில் காண்டால்ஃப் செய்கிற மாயத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். பனிமலையில் ஈர விறகைப் பற்றவைக்கிறான், சுரங்கத்தில் கோல் நுனியில் வெளிச்சம் காட்டுகிறான், வாணவேடிக்கை விடுகிறான். மற்ற நேரமெல்லாம் நடக்கிறான், யோசனை சொல்கிறான், பழைய ஏடுகளைத் தேடிப் படிக்கிறான்.

மோரியா சுரங்க வாசலில் நடப்பது நம் எடைக்கல்லுக்கு நேராகப் பொருந்துகிறது. கதவைத் திறக்க, தெரிந்த மந்திரமெல்லாம் பல மொழிகளில் சொல்லிப் பார்க்கிறான். கதவு அசையவில்லை. கடைசியில் தெரிய வருகிறது, கதவின் மேல் எழுதியிருந்த வாசகத்தை அவன் படித்த விதமே தவறு. ‘நண்பன்’ என்ற சொல்லைச் சொன்னாலே திறக்கும் என்பதுதான் அதன் பொருள். தன் வாசிப்பைத் திருத்திக்கொள்கிறான், கதவு திறக்கிறது. அவனைப் பார்த்து நான் விசார்ட் என்று ஒப்புக்கொண்ட இடம் அதுதான்.

எதிர்ப்பக்கம் இரண்டு பேர். ஆங்மார் நாட்டு விட்ச்-கிங் கடன் முதல்காரன். மனிதனாகப் பிறந்து, சௌரானின் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, வட்டி ஏறி ஏறிக் கடைசியில் ஆளே நிழலாகிப் போனவன். இன்னொருவன் சாருமன். ஐவரில் தலைமையும் அவனுக்குத்தான், மோதிரக் கலையில் அதிகப் படிப்பும் அவனுக்குத்தான். படிப்பு இருந்தது, அடக்கம் போயிற்று. கடைசியில் காண்டால்ஃப் ஒரு சொல்லால் அவன் கோலை முறிக்கிறான். மோதிரத்தைக் கையில் கொடுத்தபோதும் வேண்டாம் என்று பதறிப் பின்வாங்கியவன் காண்டால்ஃப். இரண்டு பேருக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவுதான்.

டோல்கீனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் உலகத்தில் ஒரு சாதாரண ஹாபிட் பையன் எவ்வளவு படித்தாலும் விசார்ட் ஆக முடியாது. ஐந்து பேர் வந்தார்கள், அவ்வளவுதான். ஆறாவது நாற்காலி இல்லை.

லெ குவின்: ஆட்டை அழைத்த பையன்

அந்த நாற்காலியைப் போட்டவர் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின். 1968-இல் வந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ ஒரு தீவுக்கூட்டத்தின் கதை. கெட் என்ற கதாநாயகன் கொல்லன் மகன், கருஞ்செம்பு நிறத்தவன், தாயில்லாப் பிள்ளை. அவன் பெரியம்மா கிராமத்து விட்ச். அவள் ஆட்டை அழைக்கச் சொன்ன சொல்லைக் கேட்டு, ஏழு வயதில் அதைத் தானும் சொல்லிப் பார்க்கிறான். எல்லா ஆடுகளும் வந்து அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. போகச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. பெரியம்மா வந்துதான் விடுவிக்கிறாள். எங்கள் மலையடிவாரக் கதையில் வந்த ஒற்றைக் கண் தேவதை மாதிரி, இங்கேயும் மந்திரம் பலித்துவிட்டது. ஆனால் அவன் இன்னும் விசார்ட் ஆகவில்லை. பிறவியில் ஒரு துளி வரம் இருக்கிறது. மீதி எல்லாம் படிப்பு.

படிப்பென்றால் சாதாரணப் படிப்பில்லை. ரோக் தீவுப் பள்ளியில் ஒன்பது ஆசான்கள். அதில் பெயர்களைக் கற்பிக்கிற ஆசான் தனிக் கோபுரத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முனை, ஒவ்வொரு விரிகுடா, ஒவ்வொரு பொருளுக்குமான உண்மைப் பெயரைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டும். நள்ளிரவு ஆனால் எழுத்து மறைந்துவிடும். உண்மைப் பெயர் தெரிந்தால்தான் பொருள் கட்டுப்படும் என்பது அந்த உலகத்துச் சட்டம். நிகண்டைக் கரைத்துக் குடித்த நம் பழைய வாத்தியார்களுக்கு இந்தக் கோபுரம் உடனே புரிந்திருக்கும்.

அடக்கப் பாடத்தைக் கெட்டுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுக்கப் பார்த்தவர் முதல் குரு ஓகியன். மழையை நிறுத்தத் தெரிந்தும், மரத்தடியில் ஒதுங்கி நனைந்துகொண்டே படுக்கிறவர். பையனுக்கு அது பிடிக்கவில்லை. ரோக் பள்ளியில் சக மாணவன் ஜாஸ்பர் சீண்டினான் என்பதற்காக, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைத்துக் காட்டுகிறான். பிளந்த இடைவெளியில் ஒரு கரிய நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை அடைக்கத் தலைமை ஆசான் நெம்மர்லே உயிரையே செலவழிக்கிறார். அந்த நிழலைத் துரத்திப் போய், அதற்குத் தன் பெயரையே சொல்லி அழைக்கும்போதுதான் கெட்டின் படிப்பு முடிகிறது.

இதைப் படித்தபோது சுவேதாம்பரர் மரபில் சொல்லப்படுகிற ஸ்தூலபத்திரர் கதை என் நினைவுக்கு வந்தது. பத்திரபாகுவிடம் பூர்வ நூல்களைக் கற்றுக்கொண்டிருந்த அவர், பார்க்க வந்த சகோதரிகள் முன் பெருமைக்காகச் சிங்க உருவம் எடுத்துக் காட்டினார். சிங்கம் யாரையும் கடிக்கவில்லை. ஆனாலும் பத்திரபாகு மீதிப் பாடத்தை நிறுத்திவிட்டார். கெஞ்சிய பிறகு கற்றுக் கொடுத்தாலும், பிறருக்குச் சொல்லித் தரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார். வெளியே காட்டுவதற்காகக் கற்றவனிடம் கல்வி தங்காது என்பதில் அமெரிக்க அம்மையாரும் நம் ஆசாரியரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

கோல் யார் கையில்?

கற்பதும் அடங்குவதும் உண்மையான வேற்றுமைகள். ஆனால் மூன்றாவதாக ஒன்று சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. அதுதான் கோல்.

எர்த்ஸீ உலகில் ரோக் பள்ளி கோல் கொடுத்தால்தான் விசார்ட். கோல் பெறாமல் வெளியேறுகிறவன் வெறும் ஸார்ஸரர். ஜாஸ்பர் அப்படித்தான் ஒரு பிரபு வீட்டு வேலைக்குப் போகிறான். இதுவரை நியாயம். ஆனால் பெண்ணுக்குப் பள்ளிக் கதவே கிடையாது. அவள் கடைசி வரை விட்ச். பெண்கள் செய்யும் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று அந்தத் தீவுகளில் பழமொழியே இருக்கிறது. கெட்டுக்கு முதல் சொல்லைக் கொடுத்ததும், ஆட்டு மந்தையிலிருந்து விடுவித்ததும் பெரியம்மாதான். ஆனால் கோல் அவள் கைக்கு வராது. இங்கே விசார்டுக்கும் விட்சுக்கும் நடுவில் இருப்பது அறிவின் வேற்றுமையா, வாசல்காரன் போட்ட வேலியா?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. கடை சாத்திய பிறகு, பிராகிருதமும் பழந்தமிழும் எனக்கு நானே சொல்லிக்கொண்டவன். ஒரு கருத்தரங்கில், கட்டுரையைக் கேட்பதற்கு முன்னாலேயே ‘ஐயாவுக்கு என்ன பட்டம்?’ என்று கேட்டுவிட்டு, நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிழை இருந்தால் காட்டுங்கள் என்று கேட்கவும் எனக்கு வாய்ப்பில்லை. கோல் இல்லாதவன் சொல்லில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டேன் என்பது, பல் நீண்ட தேவதையைப் பார்க்காமலே திருப்பி அனுப்புகிற மாதிரி.

லெ குவின் அம்மையாரின் பெருமை எங்கே இருக்கிறது என்றால், தாம் போட்ட வேலியைத் தாமே திரும்பி வந்து பார்த்ததில் இருக்கிறது. 1972-இல் ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ நாவலில் கெட் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். 1990-இல் வந்த ‘தெஹானு’வில் அவன் ஆடு மேய்க்கிறான், கதை ஒரு விதவைப் பெண்ணின் கண் வழியாக நடக்கிறது. 2001-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ தொகுப்பில், ரோக் பள்ளியையே ஆரம்பத்தில் பெண்களும் சேர்ந்துதான் உண்டாக்கினார்கள், பின்னால்தான் அவர்கள் விலக்கப்பட்டார்கள் என்று எழுதிவிட்டார். முதல் நாவலுக்கும் இதற்கும் நடுவில் 33 வருடம். 2018-இல் காலமான அவருக்கு விமர்சகர்கள் பல புகழ் மாலை சூட்டினார்கள். எனக்கு இந்தத் திருத்தம்தான் பெரிது. மந்திரத்தில் ஓர் எழுத்துக் குறைகிறது என்று கண்டு அதைச் சேர்த்தவர் அவர்.

இங்கிலாந்தின் டெர்ரி பிராச்செட் இதே வழக்கைச் சிரிப்பாக்கினார். 1987-இல் வந்த ‘ஈக்வல் ரைட்ஸ்’ நாவலில் சாகப்போகிற கிழ விசார்ட் ஒருவர், ஆண் குழந்தை என்று நினைத்து ஒரு பெண் குழந்தைக்குக் கோலைக் கொடுத்துவிடுகிறார். பெண்ணை விசார்டாக ஏற்பதா என்று பல்கலைக்கழகமே ஆடிப்போகிறது. சிரித்து முடித்த பிறகு யோசிக்க வைக்கிற புத்தகம்.

ரவுலிங்: படித்தவள் திருடியான கதை

நம் பிள்ளைகளுக்கு மிகவும் தெரிந்தது ஜே.கே. ரவுலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை. 1997 முதல் 2007 வரை ஏழு புத்தகங்கள். இங்கே அந்தச் சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. ஆண் என்றால் விசார்ட், பெண் என்றால் விட்ச். படிப்பு ஒன்று, பள்ளி ஒன்று. பிராச்செட்டின் பல்கலைக்கழகம் பயந்த காரியம் ஹாக்வார்ட்ஸில் சர்வ சாதாரணம். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு வேலியை எடுத்துவிட்டு வேறு வேலி போட்டாயிற்று. அது பிறப்பு. மாயம் உடம்பில் இருந்தால் விசார்ட், இல்லாவிட்டால் ‘மகிள்’. மாயக் குடும்பத்தில் பிறந்தும் அது வாய்க்காதவன் ‘ஸ்க்விப்’. பள்ளிக் காவலாளி ஃபில்ச் அப்படிப்பட்டவன். தபாலில் மந்திரப் பாடம் வரவழைத்துப் படிக்கப் பார்க்கிறான். புத்தகம் அதைச் சிரிப்பாகத்தான் காட்டுகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எர்த்ஸீயின் பெயர்க் கோபுரத்தில் உட்கார்ந்து படிக்கத் தயாராக இருந்தாலும் ஃபில்ச்சுக்கு அங்கே இடமில்லை என்று ஆசிரியரே விதித்துவிட்டார். கோப்ளின் இனத்தாருக்கும் வீட்டு வேலை செய்யும் எல்ஃப்களுக்கும் சொந்த மாயம் உண்டு. ஆனால் மந்திரக்கோல் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது.

இருந்தும் ரவுலிங் அம்மையாரை நான் தள்ளிவிடவில்லை. காரணம் ஹெர்மயனி. பெற்றோர் பல் மருத்துவர்கள், மாயம் தெரியாதவர்கள். பள்ளியில் எல்லோரையும்விட நன்றாகப் படிக்கிறவள் அவள்தான். கடைசிப் புத்தகத்தில் ஆட்சி மாறி, வோல்டமார்ட்டின் ஆட்கள் கையில் அமைச்சகம் போனதும் ஒரு விசாரணைக் குழு போடுகிறார்கள். மாயமில்லாப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் அந்தச் சக்தியை உண்மையான விசார்டுகளிடமிருந்து திருடியிருக்க வேண்டும் என்பது அதன் வாதம்! மாயம் பிறப்பில் வருவது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் கணக்கு அங்கேதான் போய் முடியும். பெற்றவன் முதலாளி, கற்றவன் திருடன். இந்த வாதத்தை நம் நாட்டில் புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாய உலகத்துக்கு வேலியைப் போட்ட ஆசிரியரே, அந்த வேலி எவ்வளவு தூரம் போகும் என்றும் காட்டிவிட்டார்.

தமிழில் என்ன சொல்வது?

முதலில் எடுத்த சொல் விஷயத்துக்கு வருகிறேன். என் சிற்றறிவுக்கு, விசார்டுக்கு மிக அருகில் வரும் பழஞ்சொல் ‘விஞ்சையன்’. வித்தியாதரன் என்பதன் தமிழ் வடிவம். வித்தையைத் தாங்குகிறவன் என்று பொருள். சிந்தாமணியில் வெள்ளிமலையிலிருந்து வரும் காந்தருவதத்தை விஞ்சையர் மகள். சமண நூல்களில் விஞ்சையர் தேவர் அல்லர், மனிதர்களே. இராவணனையும் அனுமனையும்கூட விமலசூரியின் ‘பௌமசரியம்’ வித்தியாதரர் என்றுதான் சொல்கிறது. பத்துத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நோன்பிருந்து வித்தைகளைச் சாதித்தவர்கள்.

‘விஞ்சையரும் குலத்தால் வருகிறவர்கள்தானே’ என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் எங்கள் நூல்கள் வித்தையை மூன்றாகப் பிரிக்கின்றன: தாய் வழி வந்தது, தந்தை வழி வந்தது, தவத்தால் சாதித்தது. ரவுலிங்கின் வேலி முதல் இரண்டில் நிற்கிறது. லெ குவினின் கோபுரம் மூன்றாவதில் நிற்கிறது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு விதியும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இந்தக் குஜராத்து மண்ணில் ஹேமசந்திரர் எழுதிய திரிஷஷ்டி சலாகா புருஷ சரித்திரத்தில், வித்தைகளை வழங்கிய தரணேந்திரன் ஒரு நிபந்தனை போடுகிறான். செருக்கினால் ஜினரையும் துறவிகளையும் அவமதிப்பவனையும், விரும்பாத பெண்ணைத் தொடுகிறவனையும் விட்டு வித்தைகள் உடனே நீங்கிவிடும். குலத்தில் வந்த வித்தையும் நடத்தை கெட்டால் தங்காது. பிறப்பை விதி ஒப்புக்கொண்டாலும், சாவியை அதனிடம் கொடுக்கவில்லை.

ஆகவே மொழிபெயர்க்கிறவர்களுக்கு என் யோசனை இது. கற்று, பிழை திருத்தி, அடங்கி நிற்கிறவனுக்கு ‘விஞ்சையன்’ என்று போடலாம். பெண்ணுக்கும் அதே மரியாதையில் ‘விஞ்சையள்’ என்று போடலாம். ஆங்கிலம் அவளை விட்ச் என்று ஒதுக்கினால் நாமும் ஒதுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடன்பட்டுச் சக்தி வாங்கினவனுக்கு ‘சூனியக்காரன்’ இருக்கட்டும். தெய்வம் கொடுத்ததை வைத்திருப்பவருக்கு ‘வரம் பெற்றவர்’ போதும். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் சங்கத்துக்கு எழுதுங்கள், அடுத்த மலரில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் இந்தப் புத்தகங்களைப் படிக்கட்டும், தடுக்க வேண்டாம். படித்து முடித்ததும், ‘இவன் எவ்வளவு பலசாலி?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இவனுக்கு இது எப்படி வந்தது? தப்பாகப் போனால் திருத்தத் தெரியுமா? கதவுக்கு வெளியே யாரை நிற்க வைத்திருக்கிறார்கள்?’ என்றும் கேட்கப் பழக்குங்கள். அந்த மூன்று கேள்வியும் கதைப் புத்தகத்துக்கு வெளியேயும் வேலை செய்யும்.